மட்கார்டு செய்த இன்னொரு வேலை

போன மாதம் பேரனுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் அலுமினியத்தில் வளைவாக ஒரு சாமான், நான்கு போல்ட், ஒரு அலன் கீ. குதிரை லாடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, இரண்டு முனையிலும் வளையம் வைத்தது போல இருந்தது. "இது என்னப்பா?" என்று கேட்டேன். "ஃபோர்க் பிரேஸ் தாத்தா. முன் ஃபோர்க் முறுக்காம இருக்க" என்றான். கையில் வாங்கிப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அந்தச் சாமானுக்கும் எனக்கும் 45 வருடக் கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் மோட்டார் சைக்கிள் வரலாறும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரன் வைத்திருப்பது கல்லுச் சாலை, தார்ச் சாலை இரண்டிலும் ஓடும் ரக வண்டி. டூயல் ஸ்போர்ட் என்கிறார்கள். முன் சக்கரம் பெரியது, மட்கார்டு கொக்கின் மூக்கு மாதிரி டயருக்கு ஒரு முழம் மேலே நிற்கும். அதில் போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போவது அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு. நம் ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் மலையைச் சுற்றுகிறார்கள். இவர்கள் வேறு மலைக்கு ஓடுகிறார்கள்.

முதலில் ஃபோர்க் என்ற சொல். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. அதற்கு இரண்டு வருடம் கழித்து நான் பள்ளியில் சேர்ந்தேன். கொடி இறங்கியும் பாடம் இறங்கவில்லை. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தபோது எனக்கு 12 வயது. பிரெஞ்சில் டிக்தே எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மொழியில் வைக்கோல் அள்ளும் கவைக்கோலுக்குப் பெயர் 'ஃபூர்ஷ்'. சாப்பாட்டு மேசையில் இருப்பது அதன் குட்டி, 'ஃபூர்ஷெத்'. சைக்கிளின் முன் கவையும் 'ஃபூர்ஷ்' தான். ஒரு காம்பு, அதிலிருந்து பிரியும் இரண்டு கால், நடுவில் சக்கரம். கவட்டைக் கிளை பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கவட்டைக் கிளை உறுதியானது, ஏனென்றால் அது ஒரே மரம். சைக்கிள் ஃபோர்க்கும் அப்படித்தான், அசையாத இரும்பு. மோட்டார் வைத்து வேகம் கூடியதும்தான் சிக்கல் வந்தது. பள்ளத்தில் விழும் அடி நேரே கைக்கு ஏறியது. அதனால் முன் சக்கரம் மேலும் கீழும் ஆட வேண்டும் என்று ஆனது. ரொம்ப நாள் வரை இதற்குக் கர்டர் ஃபோர்க் என்ற ஏற்பாடு இருந்தது. முழு கவையையும் ஒரே சட்டமாகச் செய்து, அதைச் சிறு இணைப்புகளில் தொங்கவிட்டு, ஸ்பிரிங் வைப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் இறக்கிய ராயல் என்ஃபீல்டின் 125 சிசி குட்டி வண்டி, 'பறக்கும் பூச்சி' என்று பெயர் வாங்கியது, அதில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையங்களே இருந்தன.

பிறகு டெலஸ்கோப் குழாய் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஃபோர்க் வந்தது. உள்ளே ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்க எண்ணெய். எண்ணெய் அடக்கத்துடன் இதை விற்பனை வண்டியில் முதலில் கொண்டுவந்த பெருமையை ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ.வுக்கு, 1935-ல் வந்த ஆர்12 வண்டிக்குக் கொடுப்பார்கள். 1941-ல் இங்கிலாந்தில் மேட்ச்லெஸ் ராணுவ வண்டிக்கு வந்தது. போர் முடிந்ததும் எல்லோரும் இதற்கு மாறினார்கள்.

சவாரி மெத்தென்று ஆனது. ஆனால் ஒன்றை இழந்தார்கள். கர்டர் ஃபோர்க்கில் இரண்டு காலும் ஒரே சட்டம். டெலஸ்கோப் ஃபோர்க்கில் மேல் குழாய்கள் இரண்டும் ஹேண்டில் பக்கம் தடித்த பிடிகளில் இறுகியிருக்கும், சரி. கீழ்க் குழாய்கள்? அவை தனித்தனியே வழுக்கி ஏறி இறங்குகின்றன. இரண்டையும் சேர்ப்பது அடியில் சக்கரத்தின் ஆக்சில் ஒன்றுதான். சக்கரம் ஒரு வண்டித் தடத்தில் சிக்கிப் பக்கவாட்டில் இடிபட்டால், ஒரு கால் முன்னே போகப் பார்க்கும், இன்னொன்று பின்னே தங்கும். ஹேண்டில் ஒரு திசை, சக்கரம் ஒரு திசை. நூலளவு வித்தியாசம்தான். வேகத்தில் அந்த நூலளவே போதும்.

கட்டில் கால் ஆடினால் தச்சர் என்ன செய்வார்? குறுக்குச் சட்டம் ஒன்று அடிப்பார். ஃபோர்க் பிரேஸ் அதுதான். டயருக்கு மேலே, இரண்டு கீழ்க் குழாய்களையும் ஒரு வளைவால் கட்டிவிடுவது. அடியில் ஆக்சில், மேலே இந்த வளைவு. கால்கள் இனி தனித்தனியாக யோசிக்க முடியாது.

அப்படியானால் நம் காலத்து வண்டிகளுக்கு இது ஏன் இல்லை என்று கேட்பீர்கள். இருந்தது. நாம்தான் அதை வேறு பெயரில் அழைத்தோம்.

புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தலைமுறைக்கு அது போலீஸ்காரரும் பண்ணையாரும் ஓட்டும் வண்டி. பிறந்தபோது அது கரடுமுரடுக்கான வண்டி. 1948-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில் கோப்பை வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு பேர் புல்லட் ஓட்டியவர்கள். மலையும் சேறும் ஏறிக் காட்டிய பிறகுதான் அது கடைக்கு வந்தது. இன்றைய டூயல் ஸ்போர்ட்டுக்கு ஒரு பெரிய தாத்தா என்று சொன்னால் தப்பில்லை.

நம் ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு வண்டி தேவைப்பட்டது. புல்லட் பிடித்துப் போனது. கே.ஆர்.சுந்தரம் ஐயர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ் அதை இறக்குமதி செய்து கொடுத்தது. 1955-ல் அந்த நிறுவனமும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆனது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆரம்பத்தில் பெட்டியில் உதிரியாக வந்ததைக் கோத்தார்கள். 1956 முடிவதற்குள் 163 வண்டிகள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970-ல் மூடப்பட்டது. பிள்ளை பிழைத்தது. 1977-ல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது. அந்தச் செய்தியைப் படித்து நான் ஆபீசில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். வண்டி என்னவோ என் தகப்பனார் கண்டுபிடித்தது போல.

என்னிடமும் ஒரு புல்லட் இருந்தது. 350 சிசி, நான் வாங்கும்போதே மூன்று கை மாறியது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அதன் முகத்துக்கு இங்கிலாந்துக்காரர்கள் வைத்த பெயர் 'காஸ்கெத்' என்று ஒரு பழைய கையேட்டில் படித்து மகிழ்ந்துபோனேன். பிரெஞ்சில் தொப்பி. ஹெட்லைட்டும் ஸ்பீடோமீட்டரும் இரண்டு சின்னப் புலிக்கண் விளக்கும் உட்காரும் அலுமினிய வார்ப்பு. வெறும் அழகுக்கு இல்லை. ஃபோர்க்கின் மேல் குழாய்கள் இரண்டையும் மேலே பிடித்திருப்பதே அந்தத் தொப்பிதான்.

கீழே? கனத்த இரும்பு மட்கார்டு. அது சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். இரண்டு கீழ்க் குழாய்களிலும் பட்டைகளாலும் கம்பிகளாலும் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். சேறு தடுப்பது அதன் ஒரு வேலை. இரண்டு காலையும் கட்டி வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்கு அதற்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மாதிரி ஆட்களைத் தெரியும். அவர் ஓய்வுபெற்றுப் போன பிறகுதான் அவர் எதைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்று தெரியும்.

இனி என் கணக்கு.

1979-ன் தொடக்கத்தில் பாரிஸ் - டக்கார் பந்தயம் முதல் முறையாக நடந்து முடிந்தது. தியெரி சபீன் என்பவர் ஏற்பாடு. பாரிசில் கிளம்பி, சகாரா வழியாக, செனகலின் டக்கார் வரை. மோட்டார் சைக்கிளில் ஜெயித்தவர் சிரில் நெவே, யமஹா எக்ஸ்டி 500-ல். புதுச்சேரியில் எங்களுக்குப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் பழசாகவாவது கிடைக்கும். ஒரு நண்பர் வீட்டில் அந்தப் படங்களைப் பார்த்தேன். மணல், தூசி, மெலிந்த வண்டி, டயருக்கு மேலே உயரமாக நிற்கும் மட்கார்டு. 1968-ல் யமஹா டிடி-1 என்ற 250 சிசி வண்டி வந்ததிலிருந்தே இந்தத் தோற்றம் உலகத்தில் பரவியிருக்கிறது. எனக்குத்தான் 11 வருடம் கழித்துத் தெரிந்தது. உயரம் எதற்கு என்றால், தாழ்ந்த மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் சேறு அடைத்துச் சக்கரம் நின்றுவிடும் என்பதற்காக. எனக்கு அந்தக் காரணமெல்லாம் கண்ணில் படவில்லை. அழகு மட்டும் பட்டது.

அப்போது எனக்கு 29 வயது. பட்டறைக்குப் போய், இரும்பு மட்கார்டைக் கழற்றிவிட்டுத் தகரத்தில் உயரமாக ஒன்று செய்து, ஹேண்டிலுக்குக் கீழே உள்ள பிடியில் மாட்டச் சொன்னேன். எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். "வேணாம் சார். இது சும்மா தகடு இல்ல. ரெண்டு காலையும் சேத்துப் புடிச்சிருக்கு. எடுத்தா முன்னாடி ஆடும்" என்றார். நான் பத்திரிகைப் படத்தை நீட்டினேன். "பாய், இவன் சகாரா பாலைவனத்தையே தாண்டியிருக்கான். அவனுக்கு ஆடலையா?" அவர் படத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிரெஞ்சு படித்த சாரிடம் பள்ளிக்கூடம் போகாத அவர் என்ன வாதாடுவார்? செய்து கொடுத்தார். கழற்றிய மட்கார்டைத் துணியில் சுற்றி, "வீட்ல வச்சிருங்க சார்" என்று கையில் கொடுத்தார். நான் பழைய இரும்புக்குப் போட்டேன்.

வண்டி ஆடியது. அதை இன்று ஒப்புக்கொள்கிறேன். நல்ல சாலையில் ஒன்றுமில்லை. தடம் விழுந்த சாலையில் ஹேண்டில் கொஞ்சம் தாமதமாகக் கேட்பது போல இருக்கும். நான் டயர் என்றேன், காற்று என்றேன். பாயிடம் போகவில்லை. போனால் தோற்றுப்போவேன்.

1980 கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம். மாமனார் வீடு இந்தத் திருவண்ணாமலை. மச்சான், என் மனைவியின் தம்பி, அப்போது 22 வயதுப் பையன். புதுச்சேரி வந்திருந்தவன், "மாமா, வண்டிய எடுத்துட்டுப் போறேன், தீபத்துக்கு நீங்க பஸ்ல வாங்க, திரும்பும்போது வண்டில போங்க" என்றான். கொடுத்தேன். திண்டிவனம், செஞ்சி தாண்டிவிட்டான். மழை பெய்து சாலையோரம் கரைந்திருந்தது. கீழ்பென்னாத்தூருக்கு முன்னால் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி, மண்ணில் இறங்கி, மாட்டு வண்டித் தடத்தில் முன் சக்கரம் விழுந்தது. திரும்ப மேலே ஏற்றப் பார்த்திருக்கிறான். ஹேண்டில் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. வண்டி அவன் மேல் விழுந்தது.

வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. அந்த வருடத் தீபத்தை ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே பார்த்தோம். மாவுக்கட்டு மாதக் கணக்கில் இருந்தது. கால் கூடியது, கொஞ்சம் குட்டையாகக் கூடியது. அவன் போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருந்தவன். அது போயிற்று. பிறகு பெரிய தெருவில் கடை வைத்தான், நல்லபடியாகவே வாழ்ந்தான். ஆனால் இன்றும் சாய்ந்துதான் நடக்கிறான்.

லாரி, மழை, மண் சாலை என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் அதையே சொன்னான். மட்கார்டு இருந்திருந்தால் விழுந்திருக்கமாட்டான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அந்தத் தடத்தில் யாரும் விழலாம். ஆனால் எனக்கு ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், நான் கேட்கவில்லை, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமனார் வீட்டில் மட்கார்டு பற்றிக் கேட்டபோது "விபத்தில் நசுங்கிவிட்டது" என்று நினைத்துக்கொள்ள விட்டுவிட்டேன். ரிப்பேர் முடிந்து வந்தபோது வண்டியில் பழையபடி இரும்பு மட்கார்டு இருந்தது. பாய் எங்கேயோ தேடி வாங்கிப் போட்டிருந்தார். பில்லில் அதற்குப் பணம் போடவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சகாராவைத் தாண்டியவனுக்கு ஆடவில்லையா என்று கேட்டேன் அல்லவா? அதற்கான பதிலைப் பல வருடம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்களுக்கும் ஆடியது. உயர்ந்த மட்கார்டு வந்ததும் கீழ்க் குழாய்களைக் கட்டுவதற்கு ஆக்சிலைத் தவிர ஆளில்லை. அதற்காகத்தான் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் சிறு பட்டறைகள் இந்த வளைவுகளைச் செய்து விற்க ஆரம்பித்தன. சில கம்பெனிகள் தாங்களே வண்டியோடு சேர்த்துக் கொடுத்தன. மேல் குழாயையும் கனமாக்கினார்கள். கவாசாகி கேஎல்ஆர் 650 என்ற அமெரிக்கர்களின் செல்ல வண்டிக்கு 1987-ல் 38 மில்லிமீட்டர் குழாய், 2008-ல் 41 ஆயிற்று. இன்னும் சிலர் ஃபோர்க்கையே தலைகீழாக மாட்டினார்கள். தடித்த குழாய் மேலே, மெலிந்தது கீழே. அந்த ரகத்துக்கு இந்தப் பிரேஸ் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. நம் ஊரிலேயே பாருங்கள், 2016-ல் வந்த ஹிமாலயன் வண்டிக்குச் சாதா ஃபோர்க் 41 மில்லிமீட்டர். 2023-ல் வந்த புதிய 450-க்குத் தலைகீழ் ஃபோர்க் 43.

பேரன் பிரேஸ் மாட்டியதைச் சொல்லி முடிக்கிறேன். வாசலில் வண்டியை நிறுத்தினான். மச்சான் திண்ணையில் வந்து உட்கார்ந்தான், கைத்தடியோடு. வேலை பார்க்கச் சுலபம், ஆனால் பொறுமை வேண்டும். கீழ்க் குழாய்களைத் துடைத்தான். பிரேஸைத் தூசி ரப்பருக்குச் சற்றுக் கீழே பொருத்தி, நான்கு போல்ட்டையும் விரலால் மட்டும் திருகினான். பிரேக் ஓயர் எங்கும் உரசவில்லையா, டயருக்கும் வளைவுக்கும் நடுவே சேறு போக இடம் இருக்கிறதா, ஃபோர்க் முழுதாக அமுங்கினால் மேலே இடிக்காதா என்று பார்த்தான். பிறகு ஆக்சிலை ஒரு பக்கம் பிடித்திருக்கும் சின்னப் போல்ட்டைத் தளர்த்தினான். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பத்துப் பன்னிரண்டு முறை அமுக்கி விட்டான்.

"இது எதுக்குப்பா?" என்றேன், தெரிந்தும்.

"ரெண்டு காலும் அதது எடத்துல தானா வந்து நிக்கணும் தாத்தா. நாம இழுத்துக் கட்டக் கூடாது. இழுத்துக் கட்டினா ஃபோர்க் இறுகிடும், ஏறி எறங்காது, சீல் தேஞ்சி ஆயில் ஒழுகும். தப்பா மாட்டுறதுக்கு மாட்டாமலே இருக்கலாம்."

போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கால் சுற்றுக் கால் சுற்றாக, டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கினான். அலுமினியம் என்பதால் பலத்தைக் காட்டக் கூடாது. இடைவெளி சரியாக இல்லாவிட்டால் மெல்லிய தகட்டுத் துண்டு வைக்க வேண்டும். இவனுக்குத் தேவைப்படவில்லை. கடைசியாக ஆக்சில் போல்ட். மறுபடி அமுக்கிப் பார்த்தான். முன்போலவே வழுவழுவென்று இறங்கி ஏறியது. கோன் செட் தேய்ந்திருந்தாலோ குழாய் வளைந்திருந்தாலோ இந்த வளைவு காப்பாற்றாது, அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன் என்றான். இந்த வயதில் எனக்கு அந்தப் புத்தி இல்லை.

அப்போதுதான் சொன்னேன். மச்சானைப் பார்த்து, பாய் சொன்னதையும், படத்தை நீட்டியதையும், பழைய இரும்புக்குப் போட்டதையும், பொய்யாக விட்டுவிட்டதையும். பேரன் ஸ்பானரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான்.

மச்சான் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்தான். பிறகு, "எனக்குத் தெரியும் மாமா" என்றான். "மாவுக்கட்டு பிரிச்சப்புறம் நான் பாண்டிக்கு வந்தேன்ல, பாய்கிட்ட போனேன். அவருதான் சொன்னாரு. உங்க மாமாகிட்ட கேக்காத, அவருக்கே தெரியும்னாரு."

"ஏன்டா கேக்கல?"

"கேட்டா கால் நீளுமா?" என்றான். பிறகு பேரனிடம், "நாளைக்கு நாலு மைல் ஓட்டிட்டு வந்து போல்ட்ட மறுபடி பாரு. ஒரு தடவ முடுக்கினா போதாது" என்றான்.

பாய் காலமாகி ரொம்ப வருடம் ஆகிறது. அவருக்குச் சேர வேண்டிய மட்கார்டுப் பணம் என் கணக்கில் இன்னும் பற்றாகவே இருக்கிறது. இந்தக் கட்டுரையைப் படிக்கும் என் வயதுக்காரர்கள் பேரப்பிள்ளைகளின் வண்டியைப் பார்த்தால் ஒன்று செய்யுங்கள். மட்கார்டு உயரமாக இருந்தால், இரண்டு காலையும் கீழே யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். மெக்கானிக் ஏதாவது சொன்னால் கையில் இருக்கும் படத்தை மடித்து வைத்துவிட்டுக் கேளுங்கள்.